கிராஃப்ட் பியர்களைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல ஆசை, வீட்டில் காய்ச்சவும் ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். முதலில் நிறைய வகைகளைக் குடித்து நாக்கைப் பழக்குங்கள், காய்ச்சுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பியரில் நீங்கள் உணரும் வாசனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ச்சிய இடத்திலோ, பாட்டில் இருந்த இடத்திலோ ஒரு காரணம் இருக்கிறது. அது தெரியாதவரை "நன்றாக இருக்கிறது", "என்னவோ மாதிரி இருக்கிறது" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டால் உங்கள் கருத்து, அந்தப் பியரைக் காய்ச்சியவருக்கே பயன்படும்.

முதலில் ஒரு ஹெஃபவைட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய கோதுமையில், செய்யும் கலங்கலான ஜெர்மன் பியர். மூக்கருகே கொண்டுபோனாலே வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் உள்ளே போடவில்லை. வாழைப்பழ மணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், கிராம்பு மணம் 4-வினைல் குவையக்கால். இரண்டுமே அந்த வகை ஈஸ்ட்டின் வேலை. அதே வோர்ட்டில், அதாவது மால்ட்டை ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில், சாதாரண அமெரிக்க ஏல் (சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பியர் வகை) ஈஸ்ட்டைப் போட்டால் இரண்டும் ஏறக்குறையக் காணாமல் போகும். ஈஸ்ட் என்பது சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை என்பதை இந்த ஒரு பியர் புரியவைத்துவிடும். வேறு எந்த வகையும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது என்பது என் எண்ணம்.

அடுத்து, நிறத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை விடுங்கள். கறுப்பாக இருக்கும் கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீத ஆல்கஹால்தான். பொன்னிறத்தில் மின்னும் பெல்ஜியத்து டூவெல் 8.5 சதவீதம். கறுப்பு நிறம் நன்றாக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, போதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சின்னச் சின்ன அளவில் ருசித்துப் பாருங்கள். ஒரு முழு கிளாஸ் ஒரே வகையைக் குடிப்பதைவிட, நூறு மில்லி வீதம் இரண்டு மூன்று வகைகளை ஒப்பிடும்போது நாக்கு வேகமாகக் கற்கும், குடிக்கும் அளவும் குறையும்.

ருசிக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கருத்துகள் கெட்டுப்போவது இங்கேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசனை எழாது. ஏல் வகைகளை 8 முதல் 12 டிகிரி வரை வரவிடுங்கள், ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பியரில் கனமானவற்றுக்கு இன்னும் ஒரு டிகிரி கூடினாலும் தப்பில்லை. பாட்டிலோடு குடிக்காதீர்கள், கிளாஸில் ஊற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை உடனே உடைந்துவிடும், அதனால் கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும். ஊற்றியதும் முதலில் முகருங்கள், நுரை அடங்குவதற்குள் வாசனையில் ஒரு பகுதி போய்விடலாம். அப்புறம் ஒரு வாய். விழுங்கிய பிறகு சில நொடிகள் காத்திருங்கள், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பியர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தும் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு 1985-இல் தொடங்கப்பட்டது. அவர்களின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. படம் எடுத்துப் போடுவதில் செலவிடும் நேரத்தை முகர்வதில் செலவிடலாம் என்று நான் நண்பர்களிடம் சொல்வது இதனால்தான். "எனக்குப் பிடித்ததா" என்ற கேள்விக்கு அந்தத் தாளில் கடைசி இடம். முதலில் கிளாஸில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். இந்த வரிசையை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாலு பேர் சேர்ந்து ருசிக்கும்போது எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "மாம்பழ வாசனை" என்று சொல்லிவிட்டால் மீதி மூவருக்கும் மாம்பழம்தான் வரும். முன்கூட்டியே கிடைக்கும் தகவல் நாக்கை எவ்வளவு திருப்பும் என்பதற்கு 2006-இல் லியோனார்ட் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல சான்று. பியரில் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். எதுவும் தெரியாமல் குடித்தவர்களில் நிறைய பேருக்கு அது பிடித்திருந்தது. வினிகர் இருப்பதை முதலிலேயே கேட்டவர்களிடம் விருப்பம் சட்டென்று குறைந்தது. குடித்த பிறகு தெரிந்துகொண்டவர்களின் விருப்பமோ பெரிதாக மாறவில்லை. அதனால் பாட்டிலை மறைத்து ஊற்றுங்கள், பெயரையும் தரவரிசையையும் கடைசியில் பாருங்கள். உங்கள் நாக்கையே சோதிக்க வேண்டுமென்றால் மூன்று கிளாஸ் வையுங்கள். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வித்தியாசமானது எது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். பெரிய ஆலைகளின் பரிசோதனைக் கூடங்களிலும் இதே முறை உண்டு.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம் வந்தால் அது டயாசெட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அதற்கு வழிசெய்கிறது, பொறுமையாக விட்டால் கடைசியில் அதுவே அதை உறிஞ்சிக் குறைத்தும் விடுகிறது. ஆக வெண்ணெய் வாசனை பெரும்பாலும் "அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்துவிட்டார்கள்" என்பதற்கு அடையாளம். பச்சை ஆப்பிள் மணம் அசிடால்டிஹைடு, அதுவும் பெரும்பாலும் முதிராத பியரின் அடையாளம். வேகவைத்த சோள மணத்துக்குக் காரணம் டி.எம்.எஸ். என்ற கந்தகச் சேர்மம். வெளிர் மால்ட்டில் அதன் மூலப்பொருள் அதிகம், கொதிக்கும்போது ஆவியோடு வெளியேற வேண்டியது. பானையை மூடி கொதிக்கவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்ஸிஜன் பட்டதாலும் பழையதானதாலும் வருவது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய வாடை வெளிச்சத்தால் வருவது: பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப் பூவின் கசப்புப் பொருளை ஒளி உடைக்கிறது, அதிலிருந்து ஒரு கந்தகச் சேர்மம் உருவாகிறது. பழுப்பு பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, நிறமற்ற பாட்டில் தடுக்கவே தடுக்காது.

இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். கடைசி இரண்டு குறைகளும் காய்ச்சியவர் கையை விட்டுப் போன பிறகும் வரக்கூடியவை. ஐ.பி.ஏ. போன்ற ஹாப்ஸ் அதிகமுள்ள பியர்களின் வாசனை மூன்று நான்கு மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். வெயிலில் நின்ற பாட்டிலையோ ஒரு வருடப் பழைய ஐ.பி.ஏ.யையோ குடித்துவிட்டு அந்த ஆலையைத் திட்டி எழுதுவது சரியில்லை. பாட்டிலில் அடைத்த தேதியைப் பாருங்கள், உங்கள் கருத்தில் அதையும் எழுதுங்கள். அதேபோல ஹெஃபவைட்சனில் அழகாக இருக்கும் வாழைப்பழ மணம் பில்ஸ்னர் என்ற தெளிந்த வெளிர் பியரில் வந்தால் குறை. புளிப்பு, லாம்பிக் என்ற பெல்ஜியத்து பியருக்கு உயிர், ஸ்டவுட்டுக்கு நோய். என்ன வகை என்று தெரியாமல் குறை சொல்ல முடியாது.

சரி, காய்ச்சுவது. முதலில் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பாருங்கள், இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1963-இல்தான் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சலாம் என்றானது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது, ஆனாலும் எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொள்ள 2013 ஆகிவிட்டது. இன்று கிராஃப்ட் பியர் என்று நாம் கொண்டாடுவதில் நிறைய இப்படி வீட்டில் காய்ச்சியவர்களிடமிருந்து வந்தது. 1980-இல் சியரா நெவாடா என்ற அமெரிக்க ஆலையின் முதல் பியரைக் காய்ச்சிய கென் கிராஸ்மன், அதற்கு முன் வீட்டுக் காய்ச்சலுக்கான பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன்: நாம் பேசுவது நொதிக்கவைப்பதை மட்டும். வீட்டில் வடித்து இறக்குவது வேறு சமாச்சாரம், ஆபத்தானது, பெரும்பாலான நாடுகளில் குற்றம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் தடவைக்கு 5 லிட்டர் போதும், உபகரணமும் குறைவு. உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (வோர்ட்டை வற்றவைத்த பொடி) 600 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும்போது வற்றும் என்பதால் ஆறரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் கேஸ்கேட் என்ற வகை ஹாப்ஸ் 10 கிராம், இது கசப்புக்கு. முடிய 5 நிமிடம் இருக்கும்போது இன்னொரு 10 கிராம், இது வாசனைக்கு. ஒரே ஹாப்ஸ், போடும் நேரத்தால் மட்டும் வேறு வேலை செய்கிறது, ஏனென்றால் நீண்ட கொதியில்தான் ஹாப்ஸில் உள்ள ஆல்பா அமிலங்கள் கசப்பாக மாறும், வாசனை எண்ணெய்களோ அந்தக் கொதியில் பறந்துவிடும். பிறகு பானையை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் கீழே சீக்கிரம் ஆறவைத்து, நொதிக்கவைக்கும் கலனான ஃபெர்மென்டரில் ஊற்றி, 11.5 கிராம் உலர் ஏல் ஈஸ்ட் பாக்கெட்டில் பாதியைத் தூவி, காஸை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக் போட்டு மூடுங்கள். இந்த வழி பழகிய பிறகு முழுத் தானியத்துக்குப் போகலாம். துணிப்பையில் உடைத்த மால்ட்டைப் போட்டு 66, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் முறை எளிது.

செய்முறையைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று சுத்தம். கொதிக்கும்வரை பயமில்லை. ஆறிய வோர்ட்டைத் தொடும் ஒவ்வொரு பொருளும், கரண்டி, குழாய், மூடி உட்பட, முதலில் கழுவப்பட்டு, பிறகு கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். குளோரின் பிளீச்சைத் தவிர்த்து, பியருக்கென்றே விற்கும் அமில வகைக் கிருமிநீக்கியை வாங்குங்கள். குளோரின் மிச்சம் இருந்தால் மருந்துக்கட்டு வாடை வரும், குழாய்த் தண்ணீரிலிருந்தும் அது வரலாம்.

இரண்டாவது வெப்பநிலை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது இதுதான். விலையுயர்ந்த ஹாப்ஸ், அரிய மால்ட் எல்லாம் அப்புறம். பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி நல்லது, குளிர்ச்சியில் நொதிக்கும் லாகர் வகையின் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளியிடும், அதனால் உள்ளே இருக்கும் சூடு அறையைவிடச் சில டிகிரி அதிகமாக இருக்கும். 28, 30 டிகிரிக்கு ஏறினால் தொண்டையில் காரமாக இறங்கும் ஃபியூசல் ஆல்கஹால்கள் சேரும், எவ்வளவு காலம் வைத்தாலும் சரியாகாது. குறிப்பாக முதல் மூன்று நாட்கள் கவனம் தேவை. ஃபெர்மென்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஐஸ் பாட்டில்களை மாற்றிக்கொண்டே இருந்தால்கூட நல்ல பியர் கிடைக்கும்.

இரண்டு வாரம் கழித்து, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அளவு பாருங்கள். 1.045-இல் தொடங்கி 1.010-இல் நின்றால் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள், சுமார் 4.6 சதவீத ஆல்கஹால். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கலந்து அடைத்தால் உள்ளேயே காஸ் உருவாகும். நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ, சர்க்கரையைக் கண்ணளவில் போட்டாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடித் துண்டுகள் பறக்கும் விஷயம் இது, தராசு வைத்து அளந்து போடுங்கள். அழுத்தம் தாங்கும் பியர் பாட்டில்களையே பயன்படுத்துங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் முதல் பாட்டிலைத் திறக்கலாம். அப்போது அந்த மதிப்பெண் தாளை எடுத்து, வாங்கிய பியருக்கு எழுதியது போலவே உங்கள் பியருக்கும் எழுதுங்கள். நண்பர்களுக்குக் கொடுக்கும்போது என்ன போட்டீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். "வெண்ணெய் மாதிரி ஏதாவது தெரியுதா? விழுங்கின பிறகு கசப்பு நாக்கில் ஒட்டுதா? இதே பியரை இன்னொரு கிளாஸ் கேப்பீங்களா?" என்று கேளுங்கள், உண்மையான பதில் வரும்.

அடுத்தவர் காய்ச்சியதைப் பற்றி நீங்கள் சொல்லும்போதும் இதே வழிதான். "கெட்டுப்போயிருக்கு" என்று நிறுத்திவிடாமல், "பச்சை ஆப்பிள் மணம் வருது, ஈஸ்ட் மேல இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்களேன்" என்று சொன்னால் அவர் அடுத்த முறை அதைச் செய்து பார்ப்பார். திரும்பக் காய்ச்சும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஈஸ்ட்டையும் ஹாப்ஸையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய தொகுதியில் இரண்டு பாட்டிலாவது எடுத்து வைத்திருந்தால், புதியதோடு பக்கத்தில் வைத்து மூன்று கிளாஸ் சோதனை செய்யலாம். ஆனால் பழையது வைத்திருந்த காலத்தில் ஹாப்ஸ் மணம் மங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.