பூச்செடியை வெட்டிவிட்ட பிறகு ஏன் பூக்கவே இல்லை?

கேள்வி: செடி நன்றாக வளர்கிறதே என்று கவாத்து செய்தேன், அந்த வருடம் ஒரு பூகூட இல்லை. என்ன தவறு?

அநேகமாக நீங்கள் வெட்டிய நேரம்தான் தவறு. பூச்செடிகளில் இரண்டு வகை உண்டு. செம்பருத்தி, குண்டுமல்லி, தொடர்ந்து பூக்கும் ரோஜா போன்றவை புதுத் துளிரில் பூப்பவை. இவற்றை வளர்ச்சி தொடங்கும் முன் வெட்டினால் துளிரும் அதிகம், பூவும் அதிகம். அசேலியா, லைலாக் போன்றவை அப்படியில்லை. போன பருவத்துக் கிளையிலேயே அடுத்த பூவுக்கான மொட்டைக் கட்டி வைத்துவிடும். அதைப் பூக்கும் முன் வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். இந்த வகையை, பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும்.

உங்கள் செடி எந்த வகை என்று தெரியாவிட்டால், பூ முடிந்ததும் வெட்டுவதே பாதுகாப்பு.

சரி, எப்படி வெட்டுவது? கிளை நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். அதனால் வெளிப்புறம் பார்த்த ஒரு மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். உள்ளே பார்த்த மொட்டுக்கு மேல் வெட்டினால் செடியின் நடுவில் புதராக அடையும், காற்றோட்டம் போய்விடும். முதலில் காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை எடுங்கள். அப்புறம் பார்த்தால் பெரும்பாலும் வெட்ட அதிகம் இருக்காது! ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அரளி என்றால் கையுறை கட்டாயம். அதன் பால் விஷம்.