காயலான் கடை சாமானில் ஒரு ஜெட்!

கேள்வி: சூப்பர்சானிக் ஜெட்டை அரசாங்கம் இல்லாமல், தனி ஆள் யாராவது கட்டி ரெக்கார்டு அடித்திருக்கிறாரா? – வாசகர், ஈரோடு

பதில்: அடித்திருக்கிறார், அதுவும் அமெரிக்கக் கடற்படையின் ரெக்கார்டை! டாரில் கிரீனமையர் என்று ஒருவர். லாக்ஹீட் கம்பெனியில் டெஸ்ட் பைலட், அதோடு அமெரிக்காவில் நடந்த ரெனோ விமானப் பந்தயங்களில் பல தடவை சாம்பியன். 1969-லேயே, பெட்ரோல் இன்ஜின் விமானங்களில் ஜெர்மனிக்காரர்கள் 30 வருஷமாக வைத்திருந்த வேக சாதனையை ‘பேர்கேட்’ என்கிற ஒரு பழைய போர் விமானத்தில் முறியடித்துவிட்டார். அதோடு விடுகிற ஆளா? அடுத்து ஜெட்.

எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்கிற சூப்பர்சானிக் போர் ஜெட்டை ராணுவம் அவருக்கு விற்குமா என்ன? உடைந்து விழுந்தவை, கழித்துக் கட்டியவை என்று அமெரிக்கா முழுக்கத் தேடி, பத்து வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தார். காக்பிட்டின் பக்கவாட்டுத் தகடுகள் விபத்துக்குள்ளான ஒரு விமானத்தினுடையவை, வால் பகுதி கலிபோர்னியாவில் ஒரு பழைய இரும்புக் குவியலில் கிடைத்தது. இப்படித் தேறியதுதான் எஃப்-104ஆர்பி, ‘ரெட் பேரன்’. உலகத்தில் அது ஒன்றுதான்.

தாழப் பறந்து வேக சாதனை செய்வதற்கான விதி கொஞ்சம் கொடூரமானது. 3 கி.மீ. தூரத்தை, 100 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல் நான்கு தடவை பறக்க வேண்டும், போக இரண்டு, வர இரண்டு, சராசரிதான் கணக்கு. கீழே காற்று அடர்த்தி என்பதால் இழுவையும் அதிகம், சூடும் அதிகம், கை ஒரு நூல் பிசகினால் தரைதான். 1976-ல் மணிக்கு 1,000 மைலைத் தாண்டியும் படம் பிடிக்கிற கேமரா கோளாறால் அது செல்லாமல் போயிற்று (எனக்கே படிக்கும்போது வயிறெரிந்தது). மறுவருஷம் 1977 அக்டோபர் 24, நெவாடாவில் மட் லேக் என்கிற காய்ந்த ஏரிப்படுகையில் மறுபடி பறந்து சராசரி மணிக்கு 1590.45 கி.மீ. காட்டினார். அந்த 3 கி.மீ.யைக் கடக்க ஏழு வினாடிகூட ஆகவில்லை. 1961-ல் கடற்படையின் ஃபாண்டம் போர் விமானம் வைத்த ரெக்கார்டு மணிக்கு 1452 கி.மீ.தான்.

கேள்வி: அந்த விமானம் இப்போது எந்த மியூசியத்தில் இருக்கிறது? – அதே வாசகர்

பதில்: எதிலும் இல்லை. அடுத்து உயர சாதனை மேல் கண் வைத்தார், சோவியத்தின் மிக்-25 வகை விமானம் ஒன்று 37,650 மீட்டர் தொட்டு அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. 1978 பிப்ரவரியில் அதற்கான பயிற்சி முடிந்து இறங்கப் போனால், சக்கரங்களில் ஒன்று லாக் ஆகவில்லை. குட்டை இறக்கை விமானம், தரை தொடும் வேகமே மணிக்கு 300 கி.மீ.க்கு அப்படி இப்படி, பாதி லாக்கான சக்கரத்தோடு இறக்கினால் புரண்டுவிடும். ஓடுதளத்தில் சக்கரத்தை ஓங்கித் தட்டிப் பார்த்தும் பிடிக்கவில்லை. சரி, உயிர்தான் முக்கியம் என்று பாலைவனத்தின் மேல் வெளியே குதித்தார். இத்தனை வருஷம் சேர்த்த சாமான் அத்தனையும் போயிற்று. ஆனால் மனுஷர் ஓயவில்லை, வயதான காலத்திலும் ரெனோவில் சின்ன விமானங்களோடு போட்டிக்கு வந்துகொண்டிருந்தார். 2018-ல் காலமானார், அந்தத் தாழ்பறப்பு வேகத்தை யாரும் முறியடிக்கவில்லை.