உருகாமல் ஒட்டுமா, அலுமினியமும் இரும்பும்?

கல்முனையில் பட்டறை நடத்தும் தம்பி ஒருவரின் கேள்வி: “வள்ளத்தின் இரும்புச் சட்டத்தில் 4 மி.மீ. அலுமினியத் தகட்டை மிக் வெல்டிங்கில் ஒட்டினேன். ஆறியதும் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட, பப்படம் மாதிரி நொறுங்கிவிட்டது. என்னிடம் பழைய மில்லிங் மெசின் ஒன்று கிடக்கிறது. அதில் பிரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங் செய்யலாமா?”

உங்கள் கையில் பிழை இல்லை, தம்பி. அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும், இரும்புக்கு 1538 வேண்டும். உருகிய நிலையில் இரண்டும் சேர்ந்தால் நடுவில் கண்ணாடி போல நொறுங்கும் ஒரு சேர்மம் தடிப்பாக உருவாகிறது. உங்கள் ஒட்டு உடைந்தது அங்கேதான்.

நீங்கள் கேட்ட பிரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங், 1991இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த முறை. இதில் எதுவும் உருகுவதில்லை. சுழலும் கருவி உலோகத்தை மாவு போல இளக்கிப் பிசைகிறது. சேர்மம் அப்போதும் உருவாகும், ஆனால் சரியாகச் செய்தால் சில மைக்ரோமீற்றர் தடிப்போடு நின்றுவிடும்.

மில்லிங் மெசினில் முடியும். எச்13 என்ற, சூடு தாங்கும் கருவி எஃகில் முனை கடைந்துகொள்ளுங்கள். தகடுகளை விளிம்போடு விளிம்பாக வைப்பதென்றால், கருவி சுழலும் திசையும் நகரும் திசையும் ஒன்றாக வரும் பக்கத்தில் இரும்பு இருக்கட்டும். முனை அலுமினியத்துக்குள்ளேயே ஓடி, இரும்பை 0.2 மி.மீ. அளவுக்கு உரசினால் போதும். கூட உள்ளே போனால் முனை தேயும், சூடு ஏறும், சேர்மமும் தடிக்கும். மேலும் கீழுமாக அடுக்குவதானால் அலுமினியம் மேலே.

சிக்கல் அழுத்தம்தான். கருவி நூற்றுக்கணக்கான கிலோ பாரத்தோடு கீழே அமுக்க வேண்டும். பழைய மெசினின் பெயரிங் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் ஒரு மயிரிழை இளகினாலும் ஒட்டுக்குள் எலிவளை மாதிரி குகை விழும்; மேலே பார்த்தால் தெரியாது. முதலில் அலுமினியத்தோடு அலுமினியம் ஒட்டி, வெட்டி, வளைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், வள்ளத்துக்கு நான் இதைச் செய்யமாட்டேன். ஒட்டு நன்றாகவே வந்தாலும் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு இரும்பை விட்டுவிட்டு அலுமினியத்தைத்தான் தின்னும். இடையில் றப்பர் ஷீற் வைத்து, நைலோன் புஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் போல்ற்றால் இறுக்குங்கள். உலோகம் உலோகத்தைத் தொடக் கூடாது. பெயின்ற் அடிக்கும்போது இரும்பை விட்டுவிடாதீர்கள். அலுமினியத்துக்கு மட்டும் அடித்து அதில் ஒரு கீறல் விழுந்தால், அரிப்பு முழுவதும் அந்தக் கீறலுக்குள்தான் இறங்கும்.