கேஷுவால்டியில் கராத்தே

கேள்வி: சிஸ்டர், செங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஐயப்ப சீசனில் மலைப்பாதை விபத்துக் கேஸ் வந்தால் கூடவே ஒரு கூட்டம் கேஷுவால்டிக்குள் (அவசர சிகிச்சைப் பிரிவு) நுழைந்துவிடுகிறது. போன வாரம் ஒருவர் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். நிர்வாகம் பயிற்சி தருகிறேன் என்று கராத்தே மாஸ்டரைக் கூட்டி வந்திருக்கிறது. இதில் பிரயோஜனம் உண்டா?
- வாசகி ஒருவர், புளியரை

பதில்: உடம்புக்கு நல்லது, கற்றுக்கொள்ளம்மா. ஆனால் ஒரு கையில் சலைன் பாட்டிலோடு நிற்கிறவள் எங்கே கராத்தே போடுவது?

புனலூர்ப் பக்கம் பல வருஷம் கேஷுவால்டியில் நின்றவள் நான். அடி விழுவதற்கு முன்னாலேயே ஆளைப் பார்த்தால் தெரியும். உட்கார மாட்டார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், குரல் ஏறிக்கொண்டே போகும். அப்போது கை எட்டாத தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் நில். உனக்கும் கதவுக்கும் நடுவே அவரை விடாதே. "சத்தம் போடாதீங்க" என்றால் இன்னும் கத்துவார். "உங்க அண்ணனுக்கு ஸ்கேன் எடுக்கிறாங்க, பதினஞ்சு நிமிஷத்துல நானே வந்து சொல்றேன்" என்று சொல். ரிப்போர்ட் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்குப் போய் நில். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் நிற்கிறவர்கள்தான் பெரும்பாலும் கதவை உதைக்கிறார்கள். பேசப் போகிறவருக்குத் தமிழும் மலையாளமும் வரவேண்டும். தெலுங்கு சாமிமார் வந்தால் குருசாமியைத் தேடிப் பிடி!

கொட்டாரக்கரை உங்கள் ரோட்டிலேயே இருக்கிற ஊர். 2023 மே 10 விடிகாலையில் அங்கே தாலுகா மருத்துவமனையில், போலீஸ் சிகிச்சைக்குக் கூட்டி வந்த ஆள் கத்திரிக்கோலால் குத்தி, ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டர்) இருந்த வந்தனா தாஸ் இறந்தார். போலீஸ் கூட இருந்தும் நடந்தது. கத்திரிக்கோல் வைக்கிற டிரெஸ்ஸிங் டிரே நோயாளியின் கைக்கு எட்டக்கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். கேரளாவில் அப்புறம் மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிரான சட்டத்தைத் திருத்தி, கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை சிறை என்றார்கள். தமிழ்நாட்டில் இதே மாதிரியான 2008-ம் ஆண்டுச் சட்டமே 10 ஆண்டு வரை சொல்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டமா ஓடி வரும்? யார் குரல் கொடுப்பது, யார் மற்ற நோயாளிகளை நகர்த்துவது, யார் போலீசுக்குப் போன் போடுவது என்று ஒத்திகை பார்க்கச் சொல். நைட் வாட்ச்மேனும் துப்புரவு அக்காவும் அதில் இருக்க வேண்டும். முதலில் ஓடி வருவது அவர்கள்தான்.

சரி, உன்னைத் தள்ளியதை எழுதிக் கொடுத்தாயா? இல்லையென்றால் இன்றைக்கே நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கு. சிசிடிவி பதிவையும் தனியாக எடுத்து வைக்கச் சொல். கொஞ்ச நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.