வெப்பமண்டலத் தீவு வாழ்க்கையை அறிய எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்?

தென்னை, நீலக்கடல் என்று சுற்றுலாப் படம் காட்டாத புத்தகங்கள் வேண்டும் என்கிறீர்கள். சரி, பசிபிக் பக்கம் போகலாம்.

நான் முதலில் கையில் கொடுப்பது எழுத்தாளர் எப்பெலி ஹவ்ஓஃபாவைத்தான். பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1983-இல் வந்த அவருடைய 'டேல்ஸ் ஆஃப் தி டிகோங்ஸ்' ஒரு கற்பனைத் தீவை வைத்து வெளிநாட்டு உதவி, மதம், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் வாரிவிடும் சிறுகதைகள். 1993-இல் எழுதிய 'அவர் சீ ஆஃப் ஐலண்ட்ஸ்' கட்டுரையில், கடல் தீவுகளைப் பிரிக்கவில்லை, சேர்க்கிறது என்று வாதாடுவார். அதைப் படித்த பிறகு வரைபடத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அப்புறம் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1922-இல் எழுதிய 'ஆர்கனாட்ஸ் ஆஃப் தி வெஸ்டர்ன் பசிபிக்'. பப்புவா நியூகினியில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளின் 'குலா' பரிமாற்றத்தை விளக்குகிறார்: சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றில் தீவு தீவாகப் போகும், வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த்திசையில் வரும், யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, ஆனாலும் அதற்காகப் படகு கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகிறார்கள். தடிமனான புத்தகம், கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மானிடவியலாளர் மார்கரெட் மீட் பசிபிக் தீவான சமோவா பற்றி 1928-இல் எழுதிய 'கமிங் ஆஃப் ஏஜ் இன் சமோவா'வை எடுத்தால், 1983-இல் இன்னொரு மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன் அதை மறுத்து எழுதியதையும் கூடவே படியுங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு சமோவா இப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம்.