இருவருக்கான உலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கணவனும் மனைவியும் சேர்ந்தே சமைக்கத் தொடங்கியிருக்கும் வீடுகளிலிருந்து வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (கரூர்): ரசம் கொதிக்கவே கூடாது என்கிறேன் நான். நன்றாகக் கொதித்தால்தான் ருசி என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: புளிக்கரைசலும் தக்காளியும் பச்சை வாசனை போகும்வரை, ஏறத்தாழ 8 நிமிடம், கொதிக்கத்தான் வேண்டும், பருப்புத் தண்ணீர் சேர்ந்த பிறகு, விளிம்பில் நுரை கட்டி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். முற்பகுதியில் அவர் சொல்வதும் பிற்பகுதியில் நீங்கள் சொல்வதும் சரி.

கேள்வி (குன்னூர்): இருவரும் சேர்ந்து மூன்று முறை இட்லி மாவு அரைத்துவிட்டோம். ஒருமுறைகூடப் பொங்கவில்லை. எங்கே தவறு?

பதில்: அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, அரைத்தது கிரைண்டரிலா மிக்சியிலா, எத்தனை மணி நேரம் வைத்திருந்தீர்கள் என்று எதையுமே எழுதவில்லை. ஊர்ப் பெயரையாவது எழுதினீர்களே என்பதால், அதை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மாவைப் பொங்க வைப்பவை, பெரும்பாலும் உளுந்தோடு வந்து சேரும் லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள். அவை வெளியிடும் கரியமில வாயுவை உளுந்தின் பிசுபிசுப்பு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு மேலெழுகிறது. சுமார் 30 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலை, உங்கள் ஊர்க் குளிரில் 16 மணி நேரத்துக்கும் மேல் எடுக்கலாம். ஆகவே, ஒரு பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, கனமான போர்வையால் சுற்றிவையுங்கள். தண்ணீர் ஆறும்போது மாற்றுங்கள். மிக்சியில் அரைப்பவராக இருந்தால் ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். மிக்சி சூடேறினால் மாவும் சூடேறி, உளுந்து உரிய அளவுக்கு உபரி காணாது. இருவருக்கு 400 கிராம் இட்லி அரிசி, 100 கிராம் முழு உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம் போதும். 25 இட்லிக்குக் குறையாமல் வரும். அளவைத் தராசில் நிறுத்து எடுங்கள். சோடா உப்பைத் தொடவே வேண்டாம். அது பொங்காத மாவைப் பொங்கியதுபோலக் காட்டுமே தவிர, புளித்த மாவின் சுவையை ஒருபோதும் தராது.

கேள்வி (சேலம்): புதிய இரும்புத் தோசைக்கல்லில் தோசை ஒட்டிக்கொள்கிறது.

பதில்: கல்லைக் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, புகை எழும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள், இதையே நான்கைந்து முறை செய்துவிட்டு, முதல் சில நாட்களுக்கு அதில் தோசையைத் தவிர வேறெதையும் வார்க்காதீர்கள்.

கேள்வி (மதுரை): எங்களிடம் இருக்கும் குறிப்புகள் எல்லாம் நான்கு பேருக்கானவை. எல்லாவற்றையும் சரிபாதியாகக் குறைத்துத்தான் சமைக்கிறோம். சோறு குக்கரில் அடிப்பிடிக்கிறது. குழம்பு ஒருநாள் உப்புக் கரிக்கிறது, மறுநாள் புளிப்பே இல்லை. பாதியாக்குவதில் அப்படி என்ன பிழை நேரும்?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறேன்; இருந்தும், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கென்று அளவு எழுதித் தருபவர்கள் இன்னும் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள். நான்கு பேருக்கு எழுதிவிட்டு, ‘உங்கள் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளவும்’ என்று ஒரு வரி சேர்ப்பதோடு தம் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். புதிதாகச் சமைக்க வருபவர்களுக்கு மிகக் கடினமான வேலையே அந்தக் குறைத்தல்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் குக்கரை எடுத்துக்கொள்வோம். குக்கரிலிருந்து ஆவியாக வெளியேறும் நீரின் அளவை அரிசியின் அளவு தீர்மானிப்பதில்லை. அடுப்பு எவ்வளவு வேகமாக எரிகிறது, ஆவி எத்தனை நிமிடம் வெளியேறுகிறது என்பவையே தீர்மானிக்கின்றன. 400 கிராம் அரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வைத்தீர்கள், அதில் 150 மில்லி ஆவியாகப் போனது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்; அரிசி குடித்தது 850 மில்லி. இப்போது 200 கிராம் அரிசி என்றால் அது குடிக்க வேண்டியது 425 மில்லி. ஆனால் ஆவியாகப் போவது அதே 150 மில்லிதான். ஆக, தேவைப்படுவது 575 மில்லி. நீங்கள் பாதியாக்கி ஊற்றியதோ 500. அடிப்பிடித்ததன் காரணம் அந்த 75 மில்லியில் இருக்கிறது. இதற்கு எளிய வழி, குக்கரின் அடியில் எப்போதும் 300 மில்லி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அரிசியை உள்பாத்திரத்தில் வைத்து வேகவைப்பதே. ஆவியாவது அடித்தண்ணீர்தான் என்பதால், உள்பாத்திரத்தில் அரிசிக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும்.

இரண்டாவது, பாத்திரத்தின் அகலம். நான்கு பேருக்கான அதே வாணலியில் பாதிக் குழம்பை வைத்தால், ஆவியாகும் மேற்பரப்பு அப்படியே இருக்க, குழம்பு மட்டும் பாதியாக இருக்கிறது. ஆகவே ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வற்றுகிறது. உப்புக் கரித்தது உப்பைக் கூடுதலாகப் போட்டதால் அன்று, தண்ணீர் போய்விட்டதால். உப்பில் முக்கால் பங்கை மட்டும் முதலில் போடுங்கள். மீதியை இறக்கும் நேரத்தில் ருசி பார்த்துச் சேருங்கள்.

மூன்றாவது, நேரம். 100 கிராம் துவரம்பருப்பும் 200 கிராம் துவரம்பருப்பும் வேக ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். குக்கருக்குள் இரண்டும் அதே 120 டிகிரியில்தான் இருக்கின்றன. ஆனால் வெங்காயம் வதக்குவதோ மசாலா வறுப்பதோ அளவு குறைந்தால் விரைவில் முடியும், விரைவில் தீயவும் செய்யும். ஆகவே, வேகவைக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள், வறுக்கும் நேரத்தைக் குறையுங்கள். தாளிக்கும் எண்ணெயையும் பாதியாக்கிப் பயனில்லை; கடுகு மூழ்கினால்தான் சீராக வெடிக்கும். குழிவான தாளிப்புக் கரண்டி ஒன்று வைத்துக்கொண்டால் ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே காரியம் முடியும்.

நான்காவது, புளி. ‘எலுமிச்சை அளவு புளி’ என்று குறிப்பில் இருந்தால், அதன் விட்டத்தில் பாதியுள்ள ஒரு சிறு உருண்டையை எடுத்துக்கொண்டு பாதி எடுத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உருண்டையின் விட்டம் பாதியானால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகிவிடும். உங்கள் குழம்பில் புளிப்பு காணாமல் போனதற்குக் காரணம் அநேகமாக இதுவே. எலுமிச்சை அளவு என்பது பழம்புளியில் 25 கிராம் என்று நான் கொள்கிறேன். இருவருக்கான சாம்பாருக்கு 10 முதல் 12 கிராம் போதும்.

இங்கே ‘கப்’ என்னும் சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் அது 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 250, ஜப்பானில் 200. நம் வீட்டு டம்ளர்களோ 150-இலிருந்து 300 வரை எந்த அளவிலும் இருக்கின்றன. நம் முன்னோரும் ஆழாக்கு, உழக்கு, படி என்று முகந்துதான் அளந்தார்கள். ஆனால் அரிசியும் உளுந்தும் தண்ணீரும் ஒரே ஆழாக்கால் அளக்கப்பட்டதால் விகிதம் பிசகவில்லை. இன்றோ, அரிசி ‘ஒரு கப்’, பருப்பு ‘100 கிராம்’, புளி ‘எலுமிச்சை அளவு’, உப்பு ‘தேவையான அளவு’ என்று ஒரே குறிப்பில் நான்கு விதமான அளவைகள் கலந்து கிடக்கின்றன. அதைப் பாதியாக்கும் இளம் தம்பதியர் தோற்றுப்போவது அவர்களுடைய குற்றமன்று. சில நூறு ரூபாய்க்கு ஒரு கிராம் துல்லியத்தோடு எடை காட்டும் சமையலறைத் தராசு கிடைக்கிறது. இன்னொரு வாணலி வாங்கும் முன் அதை வாங்குங்கள். ஒரு முறை சரியாக வந்த அளவை எடையாக ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பிறகு யாருடைய குறிப்பையும் பாதியாக்க வேண்டியிராது.

கேள்வி (சிங்கப்பூர்): வீட்டிலேயே பனீர் செய்தோம். கட்டியாகாமல் உதிர்ந்துவிட்டது. கடையில் பெட்டியில் வரும், குளிர்பதனம் தேவைப்படாத பாலைத்தான் பயன்படுத்தினோம்.

பதில்: பால் எது என்று எழுதியதற்கு நன்றி, கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. மாதக்கணக்கில் கெடாமலிருக்க அந்தப் பாலை 135 டிகிரிக்கும் மேல் காய்ச்சுகிறார்கள். அதில் புரதங்களின் அமைப்பு மாறிவிடுவதால் திரிந்த பால் இறுகிக் கட்டியாவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் விற்கும், பாஸ்டரைஸ் செய்த, கொழுப்பு நீக்காத பாலை வாங்குங்கள். ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பசுமஞ்சள் நிறத்தில் நீர் தெளிந்து பிரிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் புளிப்பு ஏறினால் பனீர் இறுகிவிடும். துணியில் வடிகட்டி, அலசி, கனத்தை ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். 150 முதல் 200 கிராம் கிடைக்கும். இருவருக்கு ஒரு வேளைக்கு அது தாராளம்.

கேள்வி (திருப்பூர்): இரவில் மீந்த சோற்றை மேடையிலேயே மூடிவைத்து, காலையில் எலுமிச்சை சாதமாகக் கிளறுகிறோம். நன்றாகச் சூடாக்கிவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. வெந்த சோற்றிலும் உயிரோடிருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள், வெளியில் கிடக்கும் சோற்றில் பெருகி நச்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்குவதால் அந்த நச்சு அழிவதில்லை. சமைத்த 2 மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். பழையசோறு தண்ணீரில் மூழ்கிப் புளிக்கும் வேறொரு முறை. அதைக் காட்டி இதை நியாயப்படுத்த வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): பச்சைப் பூண்டை நசுக்கி ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து அழகான புட்டிகளில் நண்பர்களுக்குக் கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். எத்தனை மாதம் தாங்கும்?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் முளைத்துப் பெருகும். எண்ணெய்க்கடியில் மூழ்கிய பூண்டு அவற்றுக்கு மிக ஏற்ற இடம். அது சுரக்கும் நச்சுக்கு மணமோ சுவையோ கிடையாது, உயிரையே பறிக்கக்கூடியது. உங்கள் இருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் சிறிதளவு செய்து, உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியில் வைத்துவிட்ட புட்டி இருந்தால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நம் பூண்டு ஊறுகாயில் போதிய புளியும் உப்பும் சேர்வதால் அதன் தன்மை வேறு.

கேள்வி (கும்பகோணம்): கோகுலாஷ்டமிக்கு நாங்களே சீடை செய்து பார்த்தோம். எண்ணெயில் பட்டாசுபோல வெடித்தது. பயந்து நிறுத்திவிட்டோம்.

பதில்: நிறுத்தியது மிகவும் சரியான செயல். சீடையின் மேற்பரப்பு சட்டென்று இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் போகும்போதுதான் அது வெடிக்கிறது. அரிசி மாவையும் வறுத்த உளுத்தமாவையும் இரண்டு முறை சலியுங்கள். ஒரு குருணைகூட இருக்கக் கூடாது. தேங்காயைச் சிவக்க வறுத்து ஆறவைத்துச் சேருங்கள். கொழுக்கட்டைக்கு உருட்டுவதுபோல வழவழப்பாக அழுத்தி உருட்டாமல் இலேசாக உருட்டி, ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தி, துணியில் அரை மணி நேரம் உலரவிடுங்கள். முதலில் இரண்டே இரண்டைப் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள். சூடான எண்ணெயின் அருகே ஈரம் வரக் கூடாது என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது: ஈரக் கரண்டி, ஈரக் கை, ஈரத் தட்டு எதுவும் வேண்டாம். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி (சென்னை): இருவருக்குமே சமைக்கத் தெரியாது, இருவரும் வேலைக்குப் போகிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பருப்புத் துவையலிலிருந்து தொடங்குங்கள். 60 கிராம் துவரம்பருப்பை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து, 3 காய்ந்த மிளகாய், 4 மிளகு, ஒரு பல் பூண்டு, 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், சுண்டைக்காய் அளவு, அதாவது 2 கிராம், புளி, உப்பு சேர்த்து, சிறிதளவு தண்ணீர் தெளித்துக் கொரகொரப்பாக அரைத்தால் முடிந்தது. சூடான சோறும் நல்லெண்ணெயும் சுட்ட அப்பளமும் இருந்தால் ஒரு வேளை நிறைவாக நடந்துவிடும். ஒருவர் வறுக்கட்டும், மற்றவர் தேங்காய் துருவட்டும். ஆனால் உப்புப் போடும் பொறுப்பை எந்நாளும் ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சமைக்கும் வீடுகளில் உப்பு இரண்டு முறை விழுவதையும், விழாமலே போவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சமைத்தவர் இருவர் என்றால் பாத்திரம் தேய்ப்பவரும் இருவர்தான் என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது.

கேள்வி (திருநெல்வேலி): மோர்க்குழம்பு ஒவ்வொரு முறையும் திரிந்துபோகிறது. ஏன்?

பதில்: தயிரைக் குளிர்ச்சி போகும்வரை வெளியில் வைத்துக் கட்டியில்லாமல் கடைந்து, ஊறவைத்த துவரம்பருப்பு, அரிசி, தேங்காய் ஆகியவற்றை அரைத்த விழுதை அதில் கலந்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள், சிறுதீயில் கிளறிக்கொண்டேயிருந்து, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். இதற்குப் பிறகும் திரிந்தால் மறுபடி எழுதுங்கள். அப்போது தயிர் எத்தனை கிராம், விழுது எத்தனை கிராம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.