குறுக்குவெட்டு ஆய்வில் ‘காரணம்’ என்று எழுதலாமா?

இரவுப் பணியால் ரத்த அழுத்தம் கூடுகிறது என்று முதுநிலை ஆய்வேட்டில் எழுதியதை நெறியாளர் அடித்துவிட்டார், ஒரு வருட உழைப்பு வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. ஆனால் அவர் சொல்வது சரி. இரவுப் பணி, ரத்த அழுத்தம் இரண்டையும் ஒரே நாளில்தானே அளந்தீர்கள்? அதுதான் குறுக்குவெட்டு ஆய்வு. எது முதலில் வந்தது என்று அந்தத் தரவு சொல்லாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிராட்ஃபோர்ட் ஹில்லும் ரிச்சர்ட் டாலும் 1951இல் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை முதலில் பதிந்துகொண்டு, பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது இதற்காகத்தான்.

இன்னொன்று, ரத்த அழுத்தம் வந்தவர்கள் இரவுப் பணியிலிருந்து ஏற்கெனவே விலகியிருக்கலாம். அதை ஆய்வின் வரம்புகளில் கட்டாயம் எழுதுங்கள். ‘கூடுகிறது’ என்பதைத் ‘தொடர்புடையது’ என்று மாற்றுங்கள். அப்புறம், ரத்த அழுத்தம் நிறையப் பேருக்கு இருந்தால் ஆட்ஸ் ரேஷியோ (நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான விகிதத்தை இரு குழுக்களில் ஒப்பிடும் அளவு) தொடர்பைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்குப் பதிலாகப் பிரிவலன்ஸ் ரேஷியோ (ஒவ்வொரு குழுவிலும் மொத்தப் பேரில் நோய் உள்ளவர்களின் பங்கை ஒப்பிடும் அளவு) போடுங்கள்.